டாக்டர் ரங்கநாயகி எனக்குக் காட்டாத படம்

செய்தி கைப்பேசியில் வந்தது. காலை பத்து மணி இருக்கும். பட்டறையில் ஒரு பழைய பம்பு உறைக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். ‘குழந்தைகள் நல மருத்துவரும் ஆய்வாளருமான டாக்டர் ரங்கநாயகி காலமானார்’ என்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். நான் நம்பவில்லை. உயிரோடு நடமாடும் ஆட்களுக்கு இரண்டு முறை மாலை போட்ட குழு அது. செய்தியைப் போட்டவரை அழைத்துக் கேட்டேன். அவருக்கு வேறொரு குழுவில் வந்ததாம். பிறகு டாக்டரின் எண்ணையே அழைத்தேன். அவருடைய தங்கை எடுத்தார்.

“பெரியநாயக்கன்பாளையத்துப் பெரியவருங்களா? அக்கா சொல்லியிருந்துச்சுங்க. எல்லாரும் மெசேஜைப் பாத்துட்டு அழுவாங்க, ஒருத்தரு மட்டும் நெசமாவான்னு கேட்டு போன் பண்ணுவாருன்னு.”

அப்போதுதான் நம்பினேன்.

அவர் பிறந்த ஊர் வெள்ளகோவில், உடலை அங்கேதான் வைத்திருந்தார்கள். பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். வீட்டுக்கு முன்னால் மூன்று பிளெக்ஸ் பலகைகள். ‘மழலைகளின் தெய்வமே’ என்றது ஒன்று. அதன் கீழே இருந்த பெயர்களைப் படித்தேன். அவர்களில் இருவர் அவருடைய ஆய்வைத் தங்கள் பள்ளிக்குள் விடமாட்டோம் என்று வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியவர்கள். இன்னொருவர், ‘நம்ம சாதிப் பிள்ளைகளைப் போய்க் குடிகாரன்னு எழுதறதா’ என்று மனுக் கொடுத்தவர். இப்போது அவர்கள் மாலையுடன் முதல் வரிசையில் நின்றார்கள். நான் பின்னால் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

நினைவுக் கூட்டத்தில் பேசச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு பக்கத்தில் அடங்காது. வெட்டிப் போடுவதாக இருந்தால் போடவே வேண்டாம் என்று சொல்லித்தான் இதைக் கொடுக்கிறேன். அவரோடு பழகிய உங்களில் பலர் அவரைத் தெய்வம் என்பீர்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியாது. அவர்மீது எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அது முழுதாகத் தீரவில்லை.

நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். மற்றதெல்லாம் பொட்டலம் மடித்து வந்த பேப்பரையும் பழைய புத்தகக் கடையில் கிடைத்ததையும் படித்துத் தெரிந்துகொண்டது. லேத் பட்டறை வைத்திருக்கிறேன். டாக்டர் வேலை பார்த்த குழந்தைகள் ஆஸ்பத்திரியின் கழிவுநீர் எங்கே போகிறது, வெளிநோயாளிகள் வரிசையில் கைக்குழந்தையோடு நிற்கும் பெண்களுக்கு ஏன் ஒரு பெஞ்சு கூட இல்லை என்று நான் மனு மேல் மனுவாகப் போட்டுக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. திடீரென்று அவர்களிடமிருந்தே ஒரு கடிதம் வந்தது. மனிதர்களை வைத்துச் செய்யும் எந்த ஆய்வையும் முதலில் ஒரு நெறிமுறைக் குழு பார்த்து அனுமதிக்க வேண்டும் என்பது விதி. அந்தக் குழுவில் மருத்துவம் படிக்காத சாதாரண ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்பதும் விதி. அந்தச் சாதாரண ஆளாக என்னை வரச் சொன்னார்கள். என் வாயை அடைக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தது. உள்ளே போய்ப் பார்ப்போம் என்று போனேன்.

முதல் கூட்டத்தில் டாக்டர் ரங்கநாயகியின் ஆய்வு வந்தது. குழந்தைகளும் அவர்கள் குடும்பங்களும் பயன்படுத்தும் போதைப் பொருள்களைப் பற்றியது. உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பொட்டலம், பங்க்சர் ஒட்டும் பசை, வலி மாத்திரை, வீட்டில் இருக்கும் பாட்டில் எல்லாம் அதில் இருந்தன. தமிழில் ஒரு சம்மதப் படிவம் இணைத்திருந்தார்கள். சுற்றி உட்கார்ந்திருந்த டாக்டர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். எனக்கு அந்தத் தமிழ் புரியவில்லை. புரியாததில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். டாக்டர் ரங்கநாயகியோ என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுக் காகிதங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆளை மாற்றிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் அவர் பட்டறைக்கே வந்து நின்றார். குள்ளமான உருவம், கசங்கின காட்டன் புடவை, தோளில் ஒரு துணிப்பை.

“ஏனுங்க, எந்த வரி புரியலைங்க?”

“எந்த வரியும் புரியலைங்க.”

“அப்ப மொதல் வரியில இருந்து போலாங்க.”

இரும்புத் துருவல் கிடந்த ஸ்டூலைத் துடைக்காமல் உட்கார்ந்தார். இது எந்த மருந்துக் கம்பெனிக்காகச் செய்யும் ஆய்வு என்று கேட்டேன். எந்தக் கம்பெனியும் இல்லை என்றார். நம்பமாட்டேன் என்றேன். “நம்பாதீங்க. ஆனா முழுசாப் படிச்சுப்போட்டு அப்பறம் நம்பாம இருங்க” என்றார். அன்றும் அடுத்த இரண்டு நாளும் உட்கார்ந்து படிவத்தை வரிவரியாக மாற்றி எழுதினோம். அவர் சொல்ல நான் எழுதினேன். எனக்குப் புரியும் வரை ஒரு வரியையும் அவர் விடவில்லை. மதியத்துக்கு என் மருமகள் சாப்பிடக் கூப்பிட்டாள். “ஆய்வு நடக்கற ஊருல எந்த ஊட்லயும் கை நனைக்கறது இல்லைங்க அம்மணி” என்று சொல்லிவிட்டுத் சோறு கொண்டுவந்த தன் தூக்குப்போசியைத் திறந்தார். திமிர் பிடித்தவர் என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஒரு வரியில் எங்களுக்குள் சண்டை வந்தது. ‘தேவை ஏற்பட்டால் குழந்தை கூறியது பெற்றோருக்குத் தெரிவிக்கப்படும்’ என்று இருந்தது. தேவை என்று யார் முடிவு செய்வது என்று கேட்டேன். ஆராய்ச்சியாளர் என்றார். அந்த ஆராய்ச்சியாளர் நாளைக்கு மாறிப்போனால்? அவருக்குப் பிள்ளையின் அப்பனைத் தெரிந்திருந்தால்?

நான் இப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. எட்டாம் வகுப்பில் என் முதுகுத் தழும்பைப் பார்த்து வாத்தியார் விசாரித்தார். என் அப்பன், ஐயன் என்றுதான் கூப்பிடுவேன், குடித்துவிட்டு வந்து அடிப்பதைச் சொன்னேன். நல்ல மனிதர்தான் அவர், எனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு என் ஐயனைக் கூப்பிட்டுப் புத்தி சொன்னார். அதோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. மறுவாரம் வார்ப்படப் பட்டறையில் மண் சலித்துக்கொண்டிருந்தேன்.

இதை டாக்டரிடம் சொன்னேன். படிவத்தில் அந்த வரியை அடித்துவிட்டு, “எழுதுங்க” என்றார். ‘குழந்தை சொன்னதும் வரைந்ததும் பெற்றோர், தாத்தா பாட்டி, ஆசிரியர், போலீஸ் யாருக்கும் காட்டப்படமாட்டாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும், அதுவும் அந்தக் குழந்தையிடம் சொன்ன பிறகே, சொல்லப்படும்.’ இது என் கையெழுத்தில் என் வார்த்தையில் எழுதிய வரி. தாத்தா பாட்டி என்று சேர்த்தது கூட நான்தான். குழுவில் அதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

ஆய்வு சொன்னபடி நடக்கிறதா என்று பார்க்க ஒருமுறை போனேன். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு பள்ளி, ஐந்தாம் வகுப்பு. டாக்டர் பிள்ளைகளிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து, ‘உங்க ஊட்டை வரைங்க, உள்ள எது எது எங்க இருக்குதுன்னு வரைங்க, யாரு எங்க உக்காருவாங்கன்னு வரைங்க’ என்றார். அவ்வளவுதான். தாளின் பின்பக்கம் ஒரு எண் மட்டும் இருந்தது. எந்த எண் எந்தப் பிள்ளை என்ற நோட்டு அவர் பையில் இருந்தது, பை அவர் தோளில் இருந்தது. தலைமையாசிரியர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடக்க ஆரம்பித்தார்.

“சார், நீங்க கொஞ்சம் வெளிய இருந்தாத்தானுங்க பிள்ளைங்க வரைவாங்க.”

“நான் ஹெட்மாஸ்டருங்க மேடம்.”

“அதுனாலதானுங்க.”

அவர் போகும்போது வாசலில் நின்று, “கெட்ட பசங்க யாருன்னு ஒரு லிஸ்ட் மட்டும் குடுத்துப்போடுங்க, டீசி குடுத்து அனுப்பிச்சிருவோம்” என்றார். “லிஸ்ட்டே கெடையாதுங்க சார். பிள்ளை கெட்டுப்போச்சுன்னு சொல்லாதீங்க, பழகிப்போச்சுன்னு சொல்லுங்க. பழகுனதை மாத்த முடியும்” என்றார் டாக்டர். பிறகு என்னைப் பார்த்தார். “நீங்களும் வெளிய போங்க.” நான் கண்காணிக்க வந்தவன் என்றேன். “சன்னலுக்கு அந்தப் பக்கம் நின்னு என்னையக் கண்காணிங்க. தாளைப் பாக்காதீங்க” என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வெளியே போய் நின்றேன்.

இனி வருவதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இதை எழுதாமல் அவரைப் பற்றி எழுதுவது பொய்யாகிவிடும்.

அடுத்த ஆண்டு ஆய்வுக்கு எடுத்த பள்ளிகளில் என் பேரன் தருண் ஐந்தாம் வகுப்பு படித்த பள்ளியும் இருந்தது. சம்மதப் படிவத்தில் மருமகள் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். எனக்குத் தெரியாது. ஒரு சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு வந்தவன், “அப்பாரு, இன்னைக்கு நம்ம ஊட்டை வரைஞ்சனுங்க” என்றான்.

என் கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு பாட்டில் இருந்தது. மோட்டார் ரூமில், சாக்கு மூட்டைக்குப் பின்னால். முட்டி வலிக்கு என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டது. தினமும் வெந்நீரில் கலந்து குடிப்பேன். வெந்நீர் எடுத்து வருவது தருண். அவனுக்குச் சளி பிடித்தால் அதிலிருந்தே ஒரு ஸ்பூன் வெந்நீரில் விட்டுக் கொடுத்திருக்கிறேன். கருப்பராயன் கோவில் கெடா வெட்டில் படையல் பாட்டிலைப் பிரித்தபோது எல்லாப் பிள்ளைகளுக்கும் மூடியில் ஒரு சொட்டு என்று கொடுத்தவர்களில் நானும் ஒருவன். என் ஐயன் மாதிரி நான் யாரையும் அடித்ததில்லை, அதனால் இதெல்லாம் ஒரு கணக்கில் வராது என்று இருந்துவிட்டேன்.

“என்ன வரைஞ்ச கண்ணு?”

“ஊடு.”

“ஊட்ல என்ன என்ன?”

“யாருக்கும் சொல்லோணும்னு இல்லைன்னு டாக்டரம்மா சொன்னாங்க.”

“நான் ‘யாரோ’ இல்லடா. நான் உங்க அப்பாரு.”

அவன் கையைப் பிடித்தேன். பிடித்ததோடு விடவில்லை, பையைப் பிடுங்கி நோட்டுப் புத்தகங்களை எல்லாம் தரையில் கொட்டினேன், ஏதாவது நகல் இருக்கும் என்று. எதுவும் இல்லை. பிள்ளை சுவரோடு ஒட்டி நின்றான். அந்த நிற்பு எனக்குத் தெரிந்த நிற்பு. ஆனாலும் அன்று எனக்கு உறைக்கவில்லை. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

“என் பேரன் வரைஞ்ச படத்தைப் பாக்கோணுங்க.”

“முடியாதுங்க.”

“நான் குழு உறுப்பினர். எந்தக் காயிதத்தையும் பாக்கற உரிமை இருக்குது.”

“எழுதிக் குடுங்க. குழுவுல வெக்கறேன்.”

எழுதிக் கொடுத்தேன். குழு கூடியது. பெரியவர், நம்முடைய ஆள், தன் பேரனைப் பற்றித்தானே கேட்கிறார், காட்டினால் என்ன என்று தலைவர் இழுத்தார். இரண்டு டாக்டர்கள் தலையாட்டினார்கள். டாக்டர் ரங்கநாயகி என் கையெழுத்தில் இருந்த அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். ‘தாத்தா பாட்டி’ என்ற இடத்தில் விரலை வைத்தார். இந்த ஒரு படத்தைக் காட்டினால் மற்ற எல்லாப் படங்களையும் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு ஆய்வை இன்றோடு நிறுத்திக்கொள்கிறேன் என்றார். அவர் குரல் உயரவில்லை. தலைவர் என் மனுவைத் தள்ளிவைத்தார். நான் அந்த இடத்திலேயே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறினேன்.

அதற்குப் பிறகு பல மாதங்கள் அவரோடு பேசவில்லை. என் வீடு ஒரு தாளில் அவர் அலமாரிக்குள் இருக்கிறது என்ற நினைப்பே என்னை அரித்தது. ஆஸ்பத்திரியில் யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் அவர் சொல்லிவிட்டார் என்று நினைப்பேன். சிரிக்காமல் போனாலும் அப்படியே நினைப்பேன். தருண் வெந்நீர் எடுத்து வருவதை நிறுத்திவிட்டான். நானும் கேட்கவில்லை. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆய்வு முடிந்ததும், கண்டதைப் பெற்றோருக்குச் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் வைத்தார். பள்ளி மண்டபம் நிறைந்திருந்தது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். என் வீட்டைப் பற்றி ஒரு சொல் வாய் தவறி வந்தாலும் அங்கேயே பிடித்துவிட வேண்டும் என்பதுதான் நோக்கம்.

அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார். “பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல விக்கற கடைக்காரனைப் பிடிக்கோணுங்க. அதைப் போலீஸ் பாக்கட்டும். நான் கேக்கறது வேற. மொத மொதல்ல பிள்ளையோட நாக்குல வெச்சது யாருங்க? ரொம்பப் பிள்ளைகளுக்கு அது வெளியாள் கை இல்லைங்க. பாசமா இருக்கற கை. பல்லு வலிக்குப் பொகையில வெக்கற கை, சளிக்கு ஒரு ஸ்பூன் பிராந்தி குடுக்கற கை.”

எழுந்துவிட்டேன்.

“ஏனுங்க டாக்டரம்மா, இது யாரு ஊட்டுக் கதைங்க?”

மண்டபம் திரும்பிப் பார்த்தது. “ஒருத்தர் ஊட்டுக் கதை இல்லைங்க. உக்காருங்க” என்றார்.

“உக்கார மாட்டனுங்க. வெந்நீர்ல ஒரு ஸ்பூன் விட்டுக் குடுத்ததுன்னு இத்தனை வெவரமாச் சொல்றீங்களே, எந்தப் பிள்ளை சொல்லுச்சு?”

எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்த, காரமடைப் பக்கத்து அம்மா ஒருவர் திரும்பினார். “பெரியவரே, வெந்நீருன்னு அவிங்க சொல்லவே இல்லீங்க. நீங்கதான் சொல்றீங்க.”

மண்டபம் சிரித்தது. நான் நின்றபடியே இருந்தேன். உட்காரவும் தெரியவில்லை, வெளியே போகவும் தெரியவில்லை. அந்த அம்மாவே தொடர்ந்தார். “எதுக்கு மொகத்தைத் தொங்கப் போடறீங்க? எங்கூட்ல தேன்ல கொழப்பிக் குடுப்போம். எம் மாமியா கைப்பக்குவம்.” பக்கத்திலிருந்த ஒருவர், “எங்கூட்ல பனங்கல்கண்டு போடுவாங்க” என்றார். “நீங்கெல்லாம் வசதியானவிங்க, எங்கூட்ல வெறும் ஸ்பூன்தான்” என்றது ஒரு குரல். மறுபடியும் சிரிப்பு. பிறகு மெதுவாகச் சிரிப்பு அடங்கியது. ஸ்பூனில் தொடங்கி இப்போது பாட்டிலுக்கே வந்துவிட்ட, ஐ.டி.ஐ. படிக்கும் தன் மூத்த மகனைப் பற்றி ஒரு தகப்பன் சொல்ல ஆரம்பித்தார். சொல்லி முடிக்க அவரால் முடியவில்லை.

டாக்டர் சிரிக்கவே இல்லை. கையிலிருந்த பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். “நான் எதையும் எழுதலைங்க. பேசுங்க” என்றார். கூட்டம் மதியம் தாண்டியும் நடந்தது.

வாசலில் அவரை மறித்தேன். “ஜெயிச்சுட்டீங்க” என்றேன்.

“நான் ஒண்ணுமே சொல்லலீங்களே.”

“என் பேரன் வரைஞ்சதுல அந்தப் பாட்டில் இருக்குதா இல்லையா? இப்பவாவது சொல்லுங்க. நாந்தான் ஊருக்கே சொல்லிப்போட்டேனே.”

“தெரியாதுங்க.”

“பொய்.”

“பொய்யாவே இருக்கட்டுங்க.” இரண்டடி போனவர் திரும்பி வந்தார். “ராஜினாமாவைத் திருப்பி வாங்கிக்கங்க. எதைக் குடுத்தாலும் நம்பறவங்க குழுவுல நாலு பேரு இருக்காங்க. நம்பாத ஆளு ஒருத்தர் வேணும்.”

வீட்டுக்கு வந்து பாட்டிலை எடுத்துக் கொட்டினேன். அன்றே திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். இல்லை. இரண்டு முறை மறுபடியும் வாங்கினேன். மூன்றாம் முறை அவரிடமே போய்க் கேட்டேன். அவர் எந்தப் பிரசங்கமும் செய்யாமல் முட்டிக்கு ஒரு எலும்பு டாக்டரிடமும் மற்றதற்கு இன்னொரு டாக்டரிடமும் அனுப்பினார். தான் பிள்ளைகளைப் பார்க்கும் டாக்டர், பெரியவர்களைப் பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டார்.

குழுவுக்குத் திரும்பப் போனேன். சில ஆண்டுகள் இருந்தேன். புதிய நிர்வாகம் வந்ததும் ஒரு கடிதம் கூட இல்லாமல் என் பெயரை எடுத்துவிட்டார்கள். கேள்வி கேட்காத ஒரு சாதாரண ஆள் அவர்களுக்குக் கிடைத்துவிட்டார். டாக்டர் அதை எதிர்த்து எழுதினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். என்னிடம் அவர் சொல்லவில்லை. ஆனால் புதிய படிவம் எது எழுதினாலும் எனக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டுவார். போன வருடம் வரை அது நடந்தது. “இது புரியுதுங்களா?” என்பார். புரிகிறது என்றால், “அவ்வளவு சீக்கிரமாவா? மறுக்காப் படிக்கறேன், கேளுங்க” என்பார்.

அவர் இறந்து மூன்றாம் வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து ரேவதி என்ற பெண் அழைத்தார். டாக்டரிடம் ஆய்வு உதவியாளராக இருந்தவர். பிள்ளைகள் வரைந்த படங்களைக் குறிப்பிட்ட காலம் வைத்திருந்து பிறகு அழிக்க வேண்டும் என்பது படிவத்தில் நாங்கள் எழுதியது. அந்தக் காலம் முடிந்துவிட்டது. அழிக்கும்போது நான் கூட இருக்க வேண்டும் என்று டாக்டர் நோய்ப் படுக்கையில் கடிதம் எழுதி வைத்திருக்கிறார். கடிதத்தைப் பார்த்தேன். ‘அவர் எண்ணிப் பார்ப்பார்’ என்று ஒரு வரி இருந்தது.

போனேன். எந்த எண் எந்தப் பிள்ளை என்ற நோட்டை, நான் குழுவுக்குத் திரும்பிய முதல் கூட்டத்திலேயே எல்லோர் முன்னாலும் டாக்டர் கிழித்துப் போட்டுவிட்டார். எங்காவது ஒரு நகல் இருக்கும் என்று அப்போது நான் சொல்லியிருந்தேன். ரேவதியிடம் மறுபடியும் கேட்டேன். இல்லை என்றார். அலமாரியைத் திறந்து காட்டச் சொன்னேன், காட்டினார். படங்களைக் கட்டுக் கட்டாக முகம் கீழே இருக்கும்படி மேசையில் வைத்தார். பக்கத்தில் காகிதம் கிழிக்கும் இயந்திரம். நான் பின்பக்க எண்களைப் பதிவேட்டோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கொடுத்தேன், அவர் இயந்திரத்தில் விட்டார். என் வீடு அந்தக் கட்டுகளில் ஏதோ ஒன்றில் இருந்தது. ஒவ்வொரு தாளும் என் கையில்தான் இருந்தது. திருப்பினால் யாரும் தடுக்கப் போவதில்லை. ரேவதி என் கையைப் பார்க்கவே இல்லை. வேண்டுமென்றே பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

நான் திருப்பவில்லை.

முடிவில் ஒரு எண் குறைந்தது. மறுபடியும் பதிவேட்டைப் பார்த்தேன். ஒன்று குறைவுதான். கையெழுத்துப் போடமாட்டேன் என்றேன். யாரோ ஒரு படத்தை எடுத்திருக்கிறார்கள், எதற்கு எடுத்தார்கள் என்று தெரியாமல் போகமாட்டேன் என்றேன். ரேவதி பழைய கோப்புகளைப் புரட்டி ஒரு துண்டுத்தாளை எடுத்தார். டாக்டரின் கையெழுத்து. அந்த எண்ணைப் போட்டு, ‘வரைந்த பிள்ளை திரும்பக் கேட்டது. வேறு யாரும் பார்க்காமல் அந்தப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிட்டேன்’ என்று எழுதியிருந்தது.

“வாங்குன பிள்ளைகிட்ட ஒரு கையெழுத்து வாங்கியிருக்கக் கூடாதுங்களா?” என்றேன்.

“கையெழுத்து வாங்குனா யாருன்னு தெரிஞ்சுருமேங்க” என்றார் ரேவதி.

துண்டுத்தாளின் மையைப் பதிவேட்டின் மையோடு ஒப்பிட்டேன். ஒரே பேனா மாதிரித்தான் இருந்தது. பிற்பாடு எழுதிச் சேர்த்ததாகவும் இருக்கலாம். இருக்காது என்றும் தோன்றியது. கையெழுத்துப் போட்டேன். அந்த எண் எந்தப் பிள்ளையுடையது என்று இனி உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பிள்ளையைத் தவிர.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே யோசனைதான். பையைத் தரையில் கொட்டி நான் தேடிய அந்த வாரத்தில், ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தனியாக அந்த அம்மாவிடம் போய், என் படத்தைக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டிருப்பானா? எங்கள் அப்பாருக்குப் பயமாக இருக்கிறது என்று கேட்டானா, எங்கள் அப்பாரு பாவம் என்று கேட்டானா? அல்லது அது வேறு ஏதோ ஒரு வீடா? குழுவின் முன்னால் நான் மனுவோடு நின்ற நாளில் அந்தப் படம் அவரிடம் இருந்ததா? இல்லாத படத்துக்காகத்தான் அவர் தன் ஆய்வையே நிறுத்தத் துணிந்தாரா? இருந்தது என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும். சொல்லவில்லை. என் வருத்தம் இதுதான். இன்றும் இருக்கிறது.

தருண் இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். போன சனிக்கிழமை விடுதியிலிருந்து வந்தான். மதியம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“என்னங்க அப்பாரு, என்னமோ கேக்கற மாதிரியே இருக்கறீங்க?”

“ஒண்ணுமில்ல கண்ணு. ரசம் ஊத்திக்க.”

“டாக்டரம்மா செத்துப்போனாங்களாமா. அம்மா சொல்லுச்சு.”

“ஆமா.”

“நல்லவிங்க” என்றான். ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

ஆயுள் முழுக்க ஒருவரையும் விடாமல் கேள்வி கேட்டே பழகியவன் நான். கலெக்டரைக் கேட்டிருக்கிறேன், ஆஸ்பத்திரியைக் கேட்டிருக்கிறேன், ரங்கநாயகி அம்மாவை மண்டப வாசலிலேயே மறித்துக் கேட்டிருக்கிறேன். பேரனிடம் கேட்க வேண்டிய அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்காமல் வைத்திருக்கிறேன். அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். சொல்லாவிட்டால் சொல்லாமலே இருக்கட்டும். அந்த அம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். வைத்துக்கொள்வது சுலபமாக இல்லை.